வெல்ட் தையல் நிஜமா, ஒப்புக்கா? பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

நூல்கண்டு:
கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ ஒன்னு வாங்கியிருக்கேன். பெட்டியில "குட்இயர் வெல்ட்"னு (மேல்தோலையும் சோலையும் நடுவுல ஒரு பட்டி வச்சுத் தைக்கிற முறை) போட்டிருக்கு, சோல் விளிம்பைச் சுத்தித் தையலும் தெரியுது. ஆனா ஒட்டு ஷூவிலயும் இதே மாதிரி தையல் ஓட்டிடறாங்களாமே? திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கு, அதனால போட்டு நடக்காமலே தெரிஞ்சுக்கணும். எங்கெங்கே பார்க்கணும்? கோட்டுக்கும் இப்படி சோதனை இருந்தா சேர்த்துச் சொல்லுங்க.

ஊசிமுனை:
மேலே தெரியற தையலை வச்சு முடிவு பண்ணாதீங்க. குட்இயர் முறையில தையல் ரெண்டு. முதலாவது, மேல்தோல், லைனிங், இன்சோலுக்கு (உள்ளே பாதத்துக்குக் கீழே இருக்கிற தட்டு) அடியில மேடா இருக்கிற வரம்பு, வெல்ட் பட்டி நாலையும் சேர்த்துக் கிடைமட்டமாப் பிடிக்கும். ரெண்டாவது, அந்தப் பட்டியையும் அடி சோலையும் மேலிருந்து கீழாப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியறது ரெண்டாவது, ஷூவைக் கட்டிக் காப்பாத்தறது முதலாவது.

நல்ல வெளிச்சத்துல வெல்ட்டைக் கட்டைவிரலால லேசாக் கீழே அழுத்தி, மேல்தோல் அதோட சேர்ற இடுக்கைப் பாருங்க. பெருவிரல் பக்கத்து வளைவுல சுலபமாத் தெரியும். தடித்த நூல் இடைவெளி விட்டு விட்டு உள்ளே போனா சரி. நூலே இல்லாம பசைக் கோடு மட்டும் தெரிஞ்சா அது குட்இயர் இல்லை.

அடிப்பக்கத்தை மட்டும் பார்த்தா ஏமாறுவீங்க. வெல்ட்டைச் சோலோட முன்கூட்டியே தைச்சு, அந்தத் தொகுப்பை அப்படியே மேல்தோல்ல ஒட்டறதும் உண்டு. அதுல மேலேயும் கீழேயும் நிஜத் தையல்தான், ஆனா மேல்தோலைப் பிடிச்சிருக்கிறது பசை. எதிர்ப்பக்கமும் ஏமாத்தும்: உயர்ரக லெதர் சோல்ல தையலைக் கீறிய பள்ளத்துக்குள்ள ஓட்டி மூடிடுவாங்க, அடியில ஒரு நூல்கூடத் தெரியாது.

கடைசியா உள்ளே கையை விட்டு முன்பாதத்துல இன்சோல் ஓரத்தைத் தடவுங்க. வரிசையா நூல் தட்டுப்பட்டா அது பிளேக் தையல், அதாவது வெல்ட் இல்லாம உள்ளேயிருந்து நேரா சோல் வரைக்கும் தைக்கிறது.

தோல்மடிப்பு:
மேலே சொன்னது சரி, ஆனா பிளேக் தையல்னா மட்டம்னு எடுத்துக்க வேண்டாம். இன்சோல், மேல்தோல், சோல் மூணையும் ஒரே தையல் பிடிக்கறதால ஷூ மெலிசா, வளைஞ்சு கொடுக்கும். மெல்லிய சோல் லோஃபருக்கு அதுதான் பொருத்தம். குறை என்னன்னா, ஈரத் தரையில நூல் வழியா தண்ணி உள்ளே ஏறும். சோல் மாத்த அதுக்குன்னு தனி மெஷின் வேணும்.

குட்இயர்லயும் பலவீனம் இருக்கு. நான் சொன்னா பல பேருக்குக் கோபம் வரும். அந்த வரம்பு பெரும்பாலும் இன்சோல்ல பசை போட்டு ஒட்டின கேன்வாஸ் துணிதான். பசை விட்டா வரம்பு நகர்ந்து, ஷூ வடிவமே கோணும். கையால வெல்ட் தைக்கிறவங்க 5 மி.மீ. அளவுக்குத் தடிமனான தோல் இன்சோலையே செதுக்கி வரம்பு எடுப்பாங்க. அங்கே விட்டுப்போக பசையே கிடையாது.

எனக்குத் தையலைவிடத் தோல்தான் முதல்ல. சோலை மாத்தலாம், மேல்தோலை மாத்த முடியாது. விரல் மடங்கற இடத்தை மெதுவா வளைச்சுப் பாருங்க. மெல்லிய ரேகைகளா விழுந்தா இறுக்கமான தோல். குழாய் மாதிரி தடித்த மடிப்பு எழும்பினா, வயிற்றுப் பக்கத்துத் தளர்ந்த தோலை முன்பாகத்துக்கு வெட்டியிருக்காங்க. எங்கேயும் நுண்துளையே தெரியாம கண்ணாடி மாதிரி ஒரே பளபளப்பா இருந்தா, மேற்பரப்பைத் தேய்ச்சு மேல் பூச்சு கொடுத்தது. மடங்கற இடத்துல அந்தப் பூச்சு வெடிக்கும், பாலிஷ் போட்டுச் சரிபண்ண முடியாது. "ஜெனுயின் லெதர்" முத்திரை இதுல எதையும் சொல்லாது.

காஜாக்காரர்:
கோட்டுக்கு வருவோம். முன்பக்கத்துல கீழ்ப் பட்டனுக்குக் கொஞ்சம் கீழே, வெளித்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை மறு கையாலும் பிடித்து மெதுவாகப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் முழு கேன்வாஸ் (கோட்டுக்கு வடிவம் கொடுக்க உள்ளே தைத்து வைக்கும் துணிதான் கேன்வாஸ்). மார்பில் நழுவி, பாக்கெட்டுக்குக் கீழே நழுவாவிட்டால் அரை கேன்வாஸ். எங்குமே நழுவாமல் வெளித்துணி விறைப்பாக இருந்தால் பேஸ்டிங், அதாவது சூட்டில் ஒட்டியது.

ஒட்டியது புதிதில் அழகாகத்தான் இருக்கும். டிரை கிளீனிங்கிலும் பிரஸ் சூட்டிலும் பசை அங்கங்கே விட்டுப் போனால் மார்பில் கொப்புளம் எழும். அதை ஒழுங்காகச் சரிசெய்ய வழியில்லை.

காலர் மடிப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் கேன்வாஸ் பிடித்திருந்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். விளிம்பில் ஓடும் புள்ளித் தையலையும், கோட்டுக் கையின் நுனிப் பட்டன்கள் நிஜமாகவே கழன்று திறப்பதையும் தரச் சான்றாக எண்ண வேண்டாம், இரண்டையும் இப்போது மெஷினே செய்கிறது. கட்டம் போட்ட துணியானால் பாக்கெட் மூடியின் கோடுகள் உடம்புத் துணியின் கோடுகளோடு சேர்கின்றனவா என்று பாருங்கள். அப்படிச் சேர்க்கத் துணி கூடுதலாகப் பிடிக்கும், வெட்டுகிறவருக்குப் பொறுமையும் வேண்டும்.

நூல்கண்டு:
இடுக்குல நூல் தெரியுது, உள்ளே எதுவும் தட்டுப்படலை. தோலும் மெல்லிய ரேகையாத்தான் மடியுது. வச்சுக்கறேன். லெதர் சோல்ல இப்பவே ரப்பர் ஒட்டிடலாமா?

தோல்மடிப்பு:
முதல்ல சில தடவை காய்ஞ்ச தரையில நடங்க. சோல் மேற்பரப்பு சொரசொரப்பாகி, வளையற இடமும் படிஞ்சுடும். அப்புறம் முன்பாதத்துக்கு மட்டும் மெல்லிய ரப்பர் போதும். ஒட்டறதுக்கு முன்னாடி சோலை உரசுவாங்க, அப்போ அடித்தையல் நூல் அறுந்துடாமப் பார்த்துக்கச் சொல்லுங்க.

ஒரு நாள் போட்டா மறுநாள் ஓய்வு கொடுங்க, உள்ளே வார்னிஷ் அடிக்காத சீடர் மர ஷூ ட்ரீயைச் (வடிவம் கெடாம உள்ளே வைக்கிற கால் மாதிரி அச்சு) செருகி வையுங்க. நனைஞ்சா ஹீட்டர் பக்கத்துலயோ வெயில்லயோ வைக்காதீங்க, தோல் வெடிச்சுடும். காலணிக் கிரீம் எங்கேயும் தடவலாம். கெட்டி மெழுகு பாலிஷை மூக்குக்கும் குதிகாலுக்கும் மட்டும் வச்சுக்குங்க. மடங்கற இடத்துல அடுக்கடுக்கா ஏத்தினா உதிரும்.