டிலாவா கிராமத்துத் தேவாலயப் பங்குப் பதிவேடுகள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என் மனைவியின் கொள்ளுத்தாத்தா தென்கிழக்குப் போலந்தில் டுக்லா அருகே உள்ள டிலாவா என்ற லெம்கோ கிராமத்தவர் (லெம்கோக்கள் கார்பாத்திய மலைப்பகுதியின் கிழக்கு ஸ்லாவிய மக்கள்). முதல் உலகப்போருக்கு முன்பே பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர். ஊரிலேயே தங்கிய அவருடைய தம்பி குடும்பத்தைத்தான் தேடுகிறோம்.

ஆஸ்திரிய ஆட்சியில் 1784 முதல் கிரேக்கக் கத்தோலிக்கப் (கிழக்கத்திய வழிபாட்டு முறை கொண்ட, போப்பை ஏற்ற சபை) பாதிரியார்கள் பிறப்பு, திருமணம், இறப்பை லத்தீனில், வீட்டு எண்ணோடு எழுதி வந்தார்கள். ஒரே குடும்பப் பெயர் பல வீடுகளில் வருவதால் அந்த எண்தான் பெரிய துணை. ஆனால் குடும்பப் பெயரின் எழுத்து பாதிரியாருக்குப் பாதிரியார் மாறுகிறது, அமெரிக்கா போனதும் இன்னொரு தடவை மாறுகிறது.

பெரிய சிக்கல் 1926. அந்த வருடம் டிலாவா மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறிவிட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களும் பின்தொடர்ந்தன. அதனால் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பழைய பங்கின் ஏட்டில் மட்டும் தேடினால் போதாது. அப்புறம் 1947இல் விஸ்துலா நடவடிக்கை, அதாவது போலந்து அரசின் கட்டாய இடமாற்றம், எஞ்சியிருந்த லெம்கோ குடும்பங்களைப் போலந்தின் மேற்கிலும் வடக்கிலும் சிதறடித்தது. மனது கனக்கிறது.

போலந்து ஆவணக் காப்பகங்களில் தேடிய அனுபவம் யாருக்காவது உண்டா? 1926க்குப் பிந்தைய ஆர்த்தடாக்ஸ் ஏடுகளை எங்கே கேட்பது? பழைய லத்தீன் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பக்கங்களின் படங்களை அனுப்புகிறேன். மாமியாருக்கு வயதாகிவிட்டது, சீக்கிரம் தெரிந்தால் நல்லது.