சுஃப்ரெனின் ‘ஏரோ’ கப்பல் உண்மையில் என்ன கிழித்தது?

வங்கக்கடலான்:
பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரெனின் ‘ஏரோ’வை வெற்றிக் கப்பல் என்கிறவர்களிடம் ஒரே கேள்வி. 1778இல் பிரான்சின் துலோன் துறைமுகத்தில் கடலில் இறக்கிய 74 பீரங்கிக் கப்பல். 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை சதுரங்கப்பட்டினம், ப்ரொவிதியன் (இலங்கைக் கரையோரத் தீவு), நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று ஐந்து சண்டை. ஐந்திலும் ஆங்கில அட்மிரல் ஹியூஸின் கப்பல் ஒன்றையாவது பிடித்தார்களா?

பாய்மரம்:
பிடித்ததை மட்டும் எண்ணினால் எப்படி நண்பரே? முதல் சண்டை முடிந்ததும் பரங்கிப்பேட்டையில் படை இறங்கியது, ஏப்ரலில் கடலூர் கைக்கு வந்தது. இத்தனைக்கும் இந்தக் கரையில் அவர்களுக்கு ஒரு கப்பல் பட்டறைகூடக் கிடையாது, பாய்மரம் முறிந்தால் சின்னக் கப்பல்களிலிருந்து பிடுங்கி நட்டுக்கொண்டு திரும்பவும் சண்டைக்குப் போனார்கள். ஹியூஸ் வந்து சேர்வதற்குள் திருகோணமலையையும் பிடித்துவிட்டார்கள்.

வங்கக்கடலான்:
திருகோணமலையா, அதையே பேசுவோம். 1782 செப்டம்பர் 3. ஏரோவும் கூட இரண்டு கப்பல்களும் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டன, மற்ற கேப்டன்கள் கிட்டவே வரவில்லை. பெரிய பாய்மரம் கொடியோடு சாய்ந்தது. சரணடைந்துவிட்டதாக எதிரி நினைத்துவிடக் கூடாதே என்று சுஃப்ரென், வெள்ளைக் கொடிகளைக் கொண்டுவந்து கப்பலைச் சுற்றிக் கட்டச் சொல்லிக் கத்தினாராம். (அன்றைக்குப் பிரெஞ்சுக் கடற்படைக் கொடியே வெள்ளைதான், சமாதானக் கொடி இல்லை.) வீரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பாய்கிற ஆள். 1781இல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவிலுள்ள போர்த்தோ பிராயாவில் ஆங்கிலேயரைத் தாக்கியபோதும் இதே கதை.

பாய்மரம்:
அந்த அவசரத்தால்தான் அங்கே இருந்த ஆங்கிலத் தளபதி ஜான்ஸ்டனின் படைக்கு முன்னாலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் முனைக்குப் போய்ச் சேர்ந்தார், கேப் டச்சுக்காரரிடமே தங்கியது. அப்புறம் 1783இல் கடலூர்: 15 கப்பலை வைத்துக்கொண்டு 18 கப்பலை எதிர்த்தார், ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூரில் ஆங்கிலேயர் முற்றுகையில் கிடந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி மூச்சுவிட்டார்.

உப்புக்காற்று:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடலூரில் சுஃப்ரென் ஏரோவிலேயே இல்லையே! அட்மிரல்கள் ஃபிரிகேட் என்ற சின்ன, வேகமான போர்க்கப்பலிலிருந்து படை நடத்த வேண்டும் என்று அரசர் உத்தரவு வந்திருந்தது, அவர் ‘க்ளியோபாத்ர்’ என்ற ஃபிரிகேட்டில் இருந்தார். ப்ரொவிதியனிலும் ஏரோ அடிபட்டதால் பாதியில் வேறு கப்பலுக்கு மாறினார். ஆளையும் கப்பலையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள் இருவரும்.

வங்கக்கடலான்:
அப்படியானால் என் பக்கம்தான் பலம். கப்பலின் முடிவையே பாருங்கள், 1793 டிசம்பரில் பிறந்த துறைமுகத்திலேயே ஆங்கிலேயர் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

பாய்மரம்:
பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்த அரசர் கட்சிக்காரர்கள் துலோனையே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்திருந்தார்கள் சார், கட்டிக் கிடந்த கப்பல் என்ன செய்யும்? அதைச் சுஃப்ரென் கணக்கில் எழுதாதீர்கள், மனுஷன் 1788லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.