சர்வீஸுக்கு விட்ட காரை இடிச்சு, சொல்லாமலே பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிருக்காங்க. பில் கட்டினாத்தான் சாவியாம். என்ன பண்றது?

கோவை_வெள்ளைவண்டி

வணக்கம். கொஞ்சம் அவசரம்ங்க, வண்டி இன்னும் அவங்க இடத்துலதான் நிக்குது.

2020 மாடல் ஹேட்ச்பேக், பேர்ல் ஒயிட். கம்பெனி வாரன்டி முடிஞ்சதால ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்ல விட்டேன். ஆயில் சர்வீஸ், முன் பிரேக் பேட், ஏசி ஃபில்டர். பில் 11,800. எடுக்கப் போனப்ப வாட்டர் வாஷ் பண்ணி பளபளன்னு ஷெட்டுக்குள்ள நிறுத்தியிருந்தாங்க. டியூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. வெயிலுக்கு எடுத்ததும் வலது பின்கதவுல இருந்து வீல் ஆர்ச் வரைக்கும் லேசா மஞ்சள் தட்டுது. கிட்டப் போய்ப் பார்த்தா கண்ணாடி ரப்பர் ஓரத்துல பொடிப் பொடியா வெள்ளைப் புள்ளி.

அட்வைசரைக் கேட்டா "வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு"ங்கறார். ஜாப் கார்டுல முன் பம்பர் கீறலை மட்டும்தான் வட்டம் போட்டிருக்காங்க. ஓனர் வந்து "அதான் ஃப்ரீயா பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டமே, அப்பறம் என்ன?"ங்கறார். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கல போல.

இப்ப பில்லைக் கட்டி, "வேலை திருப்தி"ன்னு கையெழுத்துப் போட்டாத்தான் சாவியாம். இல்லேன்னா உங்க இன்சூரன்ஸ்ல கிளைம் போடுங்க, கதவையே புதுசா மாத்திடலாம்ங்கறாங்க. சுவத்துல "வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்"னு போர்டு வேற. பில் கட்டலாமா, வேண்டாமா?

மதுரை_டீசல்

ஒத்தப் பைசா கட்டாதீங்க! நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. கூகுள்ல ஒத்த ஸ்டார் போட்டு விடுங்க, தன்னால ஓடி வருவான்.

திருப்பூர்_டிங்கர்

தம்பி, சண்டையை அப்பறம் வெச்சுக்கலாம். நான் பாடி ஷாப் நடத்துறவன். வண்டி அந்தக் கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்னு மட்டும் சொல்றேன்.

ரப்பர்ல வெள்ளைப் புள்ளின்னா மாஸ்கிங், அதான் பெயின்ட் படாம மறைக்கற டேப், சரியா ஒட்டாம ஸ்ப்ரே பண்ணியிருக்காங்க. கதவைத் திறந்து கீல் பக்கம், பெட்ரோல் மூடி அந்தப் பக்கம்னா அதோட உள் ஓரம், எல்லாம் விரலால தடவிப் பாருங்க. டேப் ஒட்டின இடத்துல ஒரு வரப்பு தட்டுப்படும். ஃபிரிட்ஜ் மேக்னெட் கிடைச்சா மெல்லிசுத் துணியில சுத்தி மேல இருந்து கீழ நகர்த்துங்க. பட்டி கனமா இருக்கற இடத்துல பிடி விட்டுடும்.

நம்பர் வேணும்னா பெயின்ட் திக்னெஸ் மீட்டர். பழைய கார் வாங்கி விக்கறவங்ககிட்ட இருக்கும், கேட்டா வந்து வெச்சுப் பார்த்துடுவாங்க. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90-ல இருந்து 150 மைக்ரான். திரும்ப அடிச்சிருந்தா 200-க்கு மேல ஏறும். பட்டி இருந்தா 500, 1000-னு எங்கயோ போகும். வலது கதவுல வெச்ச அதே இடத்தை இடது கதவுலயும் வெச்சு ரெண்டையும் போட்டோ எடுங்க. பேர்ல் கலர்ல ஒரு கோட்டு கூடுதல், அதனால இடது வலது ஒப்பிட்டாத்தான் பேச்சு நிக்கும். பம்பர்ல வெக்காதீங்க, பிளாஸ்டிக்ல அந்த மீட்டர் வேலை செய்யாது.

கலர் ஏன் மஞ்சளடிக்குதுன்னா, பேர்ல் ஒயிட்டுக்கு அடி வெள்ளை, மேல பேர்ல், அதுக்கு மேல கிளியர்னு மூணு அடுக்கு. நடு அடுக்கு ஒரு கோட்டு கூடக் குறைய ஆனாலே ஷேடு மாறிடும். ஒழுங்கா செய்யறவங்க பக்கத்துப் பேனலுக்கும் கரைச்சு விடுவாங்க. அவசரத்துல அடிச்சவங்க கதவோட நிறுத்திடுவாங்க.

கோர்ட்டுவாசல்

மதுரைக்காரருக்கு ஒரு மறுப்பு. பில்லைக் கட்டாம வண்டியைக் கேட்டா சட்டம் அவங்க பக்கம் சாயும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170: ஒப்படைச்ச பொருள்ல உழைப்போ திறமையோ செலவழிச்சு வேலை செஞ்சவர், அதுக்கான கூலி வர்ற வரைக்கும் பொருளைப் பிடிச்சு வெச்சுக்கலாம். அந்த உரிமை ஆயிலுக்கும் பிரேக் பேடுக்கும்தான். அவங்களே இடிச்சு அவங்களே அடிச்ச பெயின்ட்டுக்குக் கிடையாது.

அதனால 11,800-ஐ யுபிஐ-ல கட்டுங்க, கேஷ் வேண்டாம். பில்லோட ரெண்டு காப்பியிலயும் கையாலயே எழுதுங்க: "வலது பின்கதவு, குவார்ட்டர் பேனல் சேதம் குறித்த என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்." குவார்ட்டர் பேனல்ங்கறது பின்கதவுக்குப் பின்னாடி, சக்கரத்துக்கு மேல இருக்கற பாடித் தகடு. தேதி, நேரம், கிலோமீட்டர் ரீடிங். "திருப்தி"ன்னு இருக்கற கட்டத்துல கையெழுத்து வேண்டாம், அங்கயும் இதே வாசகம். எழுத விடமாட்டேன்னா அங்க நின்னபடியே அதை அவங்க வாட்ஸ்ஆப்புக்கும் மெயிலுக்கும் அனுப்பிட்டு அப்பறம் கட்டுங்க.

போர்டைப் பத்திக் கவலையே படாதீங்க. அதே சட்டத்துல பிரிவு 151, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள ஆள் எப்படிப் பார்த்துக்குவாரோ அப்படிப் பார்த்துக்கணும்னு சொல்லுது. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல் வழக்குல, வண்டியை நிறுத்தித் தர்ற ஹோட்டல் ஆள்கிட்ட சாவி கொடுத்த மாருதி ஜென் 1998-ல திருடு போச்சு. டோக்கன்லயே "உரிமையாளர் பொறுப்பு"ன்னு அச்சடிச்சிருந்தாங்க. 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஹோட்டல்தான் பொறுப்புன்னு சொல்லிடுச்சு. தன் பக்கம் கவனக்குறைவு இல்லைன்னு காட்ட வேண்டியது வண்டியை வாங்கி வெச்சவங்க வேலை. ஓட்டலுக்கே அப்படின்னா, காசு வாங்கிட்டு வேலை செய்யற ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லவே வேண்டாம்.

பாலிசி_அக்கா

இன்சூரன்ஸ் கிளைம் மட்டும் வேண்டாம்பா. 2020 வண்டி, இதுவரை கிளைம் போடலைன்னா நோ கிளைம் போனஸ் 50 சதவீதத்துக்கு வந்திருக்கும். அது 20, 25, 35, 45, 50-னு வருஷா வருஷம் ஏறுறது. தனியா போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்காதவங்களுக்கு ஒரே கிளைம்ல சைபருக்கு இறங்கிடும். அவங்க செஞ்ச சேதத்துக்கு நீ ஏன் அடுத்தடுத்த வருஷ பிரீமியத்துல கட்டணும்?

இன்னொண்ணு, கிளைம் ஃபார்ம்ல யார் ஓட்டினது, எங்க நடந்ததுன்னு கேப்பாங்க. "வீட்டு வாசல்ல தூண்ல இடிச்சுட்டேன்னு எழுதிக் குடுங்க சார்"னு ஆரம்பிப்பாங்க பாரு. பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டா மாட்டறது நீதான். கஸ்டமர் வண்டிகளுக்குன்னே ஒர்க்‌ஷாப்காரங்க எடுக்கற மோட்டார் டிரேட் பாலிசி இருக்கு. எடுத்திருக்காங்களான்னு கேளு. எடுக்கலைன்னா அது அவங்க தலைவலி.

கோவை_வெள்ளைவண்டி

எல்லாருக்கும் நன்றிங்க. எதிர்ப்புன்னு எழுதி, கட்டி, வண்டியை எடுத்துட்டேன். ஓனருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. பாலிசி அக்கா சொன்ன அதே வசனத்தை, வாசல் தூணு உட்பட, அட்வைசர் அப்படியே சொன்னார்!

தெரிஞ்ச கார் புரோக்கர் மீட்டர் வெச்சார். இடது கதவு 118, வலது 640. குவார்ட்டர் பேனல்ல ஒரு இடம் 900-க்கு மேல.

இன்னொரு விஷயம் இப்பத்தான் தோணுச்சு. வண்டி விட்ட அன்னைக்கு "பேட் தேஞ்சிருச்சு சார், மாத்தணும்"னு லிஃப்ட்ல ஏத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. அதுல கேமரா வலது பக்கமா நடந்து வருது. பின்கதவு முழுசாத் தெரியுது, ஒரு கோடு இல்லை.

கோர்ட்டுவாசல்

அவங்களே எடுத்து, அவங்க நம்பர்ல இருந்து அனுப்பின வீடியோ. இதைவிட என்ன வேணும்! அந்த சாட்டை அழிச்சுடாதீங்க, போனையும் இப்ப மாத்தாதீங்க. மின்னணு ஆதாரத்துக்கு 2024 ஜூலையில இருந்து புது சாட்சியச் சட்டம், அதுல பிரிவு 63 சான்றிதழ் கேப்பாங்க. ஒரிஜினல் போன் கையில இருந்தா சுலபம்.

இப்ப ஒரு பக்கத்துல நோட்டீஸ். வக்கீல் லெட்டர்ஹெட் தேவையில்லை. நடந்தது, ஆதாரம், என்ன வேணும், 15 நாள் கெடு. ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட். கூடவே 1915-ங்கற நம்பர்ல கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிஞ்சு வைங்க. அவங்களால உத்தரவு போட முடியாது, பேசித்தான் பார்ப்பாங்க. ஆனாலும் பாதிப்பேர் அந்த போன் வந்ததுமே இறங்கி வர்றதைப் பார்த்திருக்கேன்.

நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள. கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. இ-ஜாக்ருதி தளத்துல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம். ஆனா சீக்கிரம் முடியும்னு மட்டும் நம்பிடாதீங்க.

ஸ்டேஷன்ல பெரும்பாலும் இது சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ரிவ்யூ எழுதறதா இருந்தா நடந்ததை மட்டும் எழுதுங்க. "திருட்டுப் பசங்க"ன்னு எழுதினா உங்களுக்கே நோட்டீஸ் வரும்.

திருப்பூர்_டிங்கர்

900 மைக்ரான்னா உரசல் இல்ல தம்பி, நல்லா உள்ள போயிருக்கு. கதவு போல்ட் கழட்டி மாத்தற சாமான். குவார்ட்டர் பேனல் பாடியோட வெல்டு ஆனது, அதை அறுத்து மாத்தச் சொல்லி அடம் பிடிக்காதீங்க. கம்பெனி வெல்டு அப்படியே இருக்கறதுதான் நல்லது. பட்டியை மொத்தமா உரிச்சு, இழுத்து நேராக்கி, மெல்லிசா திரும்பப் போடச் சொல்லுங்க.

ஒடுக்கு எடுக்க ஸ்பாட் புல்லர், அதான் தகட்டுல சூடா ஒட்டவெச்சு இழுக்கற மிஷின், வெச்சிருந்தா உள்பக்கப் பெயின்ட் கருகியிருக்கும். வெளிய எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் ரெண்டு மழைக்காலத்துல உள்ள இருந்து துரு கிளம்பும். உள் டிரிம்மைக் கழட்டி போட்டோ எடுக்கச் சொல்லி, துருத்தடுப்பு மெழுகு அடிக்கறதையும் எஸ்டிமேட்ல எழுதி வாங்குங்க. இதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க.

அடி வீல் ஆர்ச் வரைக்கும்னா, சக்கரத்துலயும் பட்டிருக்கலாம். அலைன்மென்ட் சென்டர்ல பின் சக்கர ரீடிங்கையும் பிரின்ட் வாங்குங்க. இந்த சைஸ் வண்டிகள்ல பெரும்பாலும் பின்னாடி டார்ஷன் பீம்தான், ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கற ஒரே இரும்புச் சட்டம், அதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ரெண்டு பக்கமும் ரொம்ப வித்தியாசம் காட்டினா பீம் வளைஞ்சிருக்கு.

கோவை_வெள்ளைவண்டி

பின் சக்கரம் ரெண்டும் அளவுக்குள்ளதான் இருக்கு, தப்பிச்சேன். வேற ரெண்டு பாடி ஷாப்ல எஸ்டிமேட் வாங்கினேன்: 27,500, 31,000. நோட்டீஸ் போச்சு, 1915-ல இருந்து அவங்களுக்கு போனும் போச்சு போல. ஓனர் கூப்பிட்டு முதல்ல "3 சர்வீஸ் ஃப்ரீ"ன்னார். மறுத்துட்டேன். இப்ப 27,500 எஸ்டிமேட்டை ஒத்துக்கிட்டு, பணத்தை நேரா அந்த பாடி ஷாப்புக்கே கட்டறேன்னு மெசேஜ் பண்ணியிருக்கார். ஆனா இன்னைக்கே "முழு இறுதித் தீர்வு"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வேணுமாம். போட்டுடலாமா?

கோர்ட்டுவாசல்

இன்னைக்கு வேண்டாம். "எஸ்டிமேட்படி வேலை முடிந்து, பணம் முழுதும் செலுத்தப்பட்ட பின் இது செல்லும்"னு ஒரு வரி சேர்த்து மெசேஜ்லயே ஒத்துக்கச் சொல்லுங்க. வண்டி கைக்கு வந்தப்பறம் கையெழுத்து.

திருப்பூர்_டிங்கர்

எடுக்கறப்ப மதிய வெயில்ல எடுங்க. மீட்டரையும் கையோட கொண்டு போங்க.