முதல் ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறுகிறது: நானே செய்த கிட்டாரின் ஃப்ரெட்போர்டைக் கழற்ற வேண்டுமா?

ஆறுதந்தி:
வணக்கம். எட்டு மாதமாக விடுமுறை நாட்களில் உட்கார்ந்து என் முதல் எலக்ட்ரிக் கிட்டாரைச் செய்து முடித்திருக்கிறேன். டெலிகாஸ்டர் வடிவம். மேப்பிள் நெக், ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு, 22 ஃப்ரெட் (குறுக்குக் கம்பி), ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், 648 மி.மீ. ஆறு தனித்தனி சாடில் (தந்தி உட்காரும், முன்பின் நகர்த்தக்கூடிய துண்டு) உள்ள பிரிட்ஜ். தந்தி 10-46. ஃப்ரெட் பள்ளங்கள் எல்லாம் கை ரம்பத்தால் நானே அறுத்தவை.

முதல் முறை தந்தி கட்டி மீட்டியபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் சி கார்டு பிடித்தால் காது கூசுகிறது. இ கார்டு அதைவிட மோசம். ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே பாரே கார்டு பிடித்தால் அருமையாக இருக்கிறது. ட்யூனரில் பார்த்தேன். திறந்த தந்தி (எங்கும் அழுத்தாதது) சரியாக இருக்கும்போது, முதல் ஃப்ரெட்டில் மெல்லிய தந்தி 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறி நிற்கிறது, கனத்த தந்தி 20 சென்ட். இரண்டாம் ஃப்ரெட்டில் 11 அளவில், மூன்றாவதில் 7, ஐந்தாவதில் 3. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சாடிலை நகர்த்திச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் சில ஃப்ரெட்டுகளைத் தப்பான இடத்தில் அறுத்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. புது ரோஸ்வுட் பலகை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழையதைச் சூடு காட்டிக் கழற்றிவிட்டுப் புதிதாக அறுக்கலாமா? கழற்றும்போது நெக் கோணுமா?

பழையவால்வு:
கழற்றாதீர்கள், பொறுங்கள். பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும். எனக்கு ஒருமுறை நெக் பிக்கப்பால் அப்படி ஆகியிருக்கிறது. கனத்த தந்தியில் ஒரே சமயத்தில் இரண்டு சுருதி கேட்பது போல இருந்தது.

இரவுப்பயிற்சி:
எத்தனை உயரமான ஃப்ரெட் கம்பி? உயரமான கம்பி போட்டுவிட்டு இறுக்கி அழுத்தினால் தந்தி ஃப்ரெட்போர்டை நோக்கி வளைந்து சுருதி ஏறும். புதிதாகச் செய்த கிட்டாரை எல்லோருமே கொஞ்சம் அழுத்தித்தான் பிடிப்போம். லேசாகப் பிடித்துப் பாருங்கள்.

ஃப்ரெட் இடங்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மிச்சமுள்ள நீளத்தை 18-ஆல் வகுக்கும் பழைய முறையா?

ஆறுதந்தி:
பிக்கப்பை முழுக்க இறக்கிவிட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. லேசாகப் பிடித்தால் 2 சென்ட் குறைகிறது, அவ்வளவுதான். கம்பி உயரம் தேய்த்துச் சமன்செய்த பிறகு 1.1 மி.மீ.

கணக்கு 17.817-ஆல் வகுத்தது. நட்டிலிருந்து (ஃப்ரெட்போர்டின் தலைப்பக்க முனையில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் கட்டை) காலிப்பரில் மறுபடி அளந்தேன்: முதல் ஃப்ரெட் 36.4, இரண்டாவது 70.7, மூன்றாவது 103.1, ஐந்தாவது 162.5, பன்னிரண்டாவது 324.0. கணக்கோடு ஒத்துத்தான் போகிறது. ஆனால் காலிப்பரை நம்பலாமா என்று தெரியவில்லை, ஏனென்றால் காது வேறு சொல்கிறது.

மரத்தூள்:
தம்பி, அந்த ரோஸ்வுட் பலகையை அப்படியே எடுத்து வையுங்கள். உங்கள் ஃப்ரெட்டுகளில் ஒரு குறையும் இல்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்கு. 648 மி.மீ. தந்தியில் நட் பக்கம் 1 மி.மீ. நீளம் கூடினால் சுருதி மாறுவது 3 சென்ட்டுக்கும் குறைவு. அப்படியானால் ரம்பப் பிழையால் மட்டும் 15 சென்ட் ஏற வேண்டுமென்றால், ஃப்ரெட் 5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 5 மி.மீ. தவறைக் காலிப்பர் இல்லாமலே கண் பிடித்துவிடும். கை ரம்பத்தில் எல்லோருக்கும் வருவது கால் மி.மீ. பிழை. அது ஒரு சென்ட்கூட இல்லை. முதல் கிட்டார் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஃப்ரெட் அறுப்பதில்தான் பயம் அதிகம். ஆனால் சுருதியைக் கெடுக்கிற இடம் பெரும்பாலும் அதற்கு 36 மி.மீ. முன்னாலேயே இருக்கிறது.

(இரவுப்பயிற்சி கேட்ட 18 கணக்கு பற்றி: லூட் வாத்தியத்துக்கு அதை 16ஆம் நூற்றாண்டிலேயே பரிந்துரைத்தவர் வின்சென்சோ கலிலேய், வானியலாளர் கலிலியோவின் தந்தை. நல்ல கணக்குதான், ஆனால் 648 மி.மீ. ஸ்கேலில் பன்னிரண்டாம் ஃப்ரெட் 321.6-இல் வந்து நிற்கும், பாதிக்கு 2.4 மி.மீ. குறைவு. இவருடையது சரியாக 324-இல் இருக்கிறது. ஆகவே அது காரணம் இல்லை.)

உங்கள் எண்களையே பாருங்கள். 14, 11, 7, 3. நட்டை விட்டு விலக விலகக் குறைகிறது. நட் பள்ளம் உயரமாக இருந்தால் இப்படித்தான் வரும். முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போது தந்தி 36 மி.மீ. தூரத்துக்குள் அந்த உயரத்திலிருந்து கீழே இறங்க வேண்டும். செங்குத்தாக இறங்குவதால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே இறக்கம் 162 மி.மீ. தூரத்தில் பரவிவிடுகிறது, அதனால் இழுவிசை கொஞ்சம்தான் கூடுகிறது.

இதை நிரூபிக்க ஒரு கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போதும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். இப்போது நட்டுக்கு வேலையே இல்லை, முதல் ஃப்ரெட்தான் நட். அந்த நிலையில் ஆறு தந்தியையும் ட்யூனரில் சரிசெய்துவிட்டு, இரண்டிலிருந்து ஐந்து வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பாருங்கள். சரியாக வந்தால் ஃப்ரெட்டுகள் குற்றமற்றவை.

அப்புறம் கேப்போவைக் கழற்றிவிட்டு மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதற்குள் ஒரு பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) நுழைந்தால் நட் மிக உயரம்.

ஆறுதந்தி:
அண்ணா, கேப்போ போட்டுப் பார்த்தேன். இரண்டிலிருந்து ஐந்து வரை எல்லாத் தந்தியும் 2 சென்ட்டுக்குள்! இ கார்டு வடிவத்தைக் கேப்போவுக்கு மேலே பிடித்தேன், பத்து நிமிஷம் அதையே மீட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கிட்டாருக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது.

மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் முதல் ஃப்ரெட் மேலே பிக் தாராளமாக நுழைகிறது. எதையும் அழுத்தாமல் அளந்தால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கனத்த தந்தி 1.1 மி.மீ., மெல்லியது 0.9 மி.மீ. நட் எலும்புக் கட்டியில் நானே வெட்டியது. அதிகமாக வெட்டிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் உரசும் என்று பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன். எவ்வளவு இறக்கலாம்? எப்படி?

மரத்தூள்:
நிறுத்தியது நல்லதுதான். உயரமாக இருப்பதை இறக்கிவிடலாம், இறங்கியதை ஏற்றுவது கஷ்டம்.

அரத்தை எடுப்பதற்கு முன் நெக்கின் வளைவை முடிவுசெய்யுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே சமயத்தில் அழுத்தி, நடுவில் ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். 0.2 மி.மீ. போல இருந்தால் நான் திருப்தியாகிவிடுவேன். இல்லையென்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி அங்கே கொண்டுவாருங்கள். இதை விட்டுவிட்டு நட்டை வெட்டினால், பிறகு ட்ரஸ் ராடைத் தொடும்போது அளவெல்லாம் மாறிவிடும்.

நட்டுக்கு நான் செய்வது இது. ஃபீலர் கேஜ் தகடுகளை (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடுகள்) அடுக்கி, ஃப்ரெட் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக்குங்கள். உங்களுக்கு 1.1 + 0.2, மொத்தம் 1.3 மி.மீ. அந்த அடுக்கை ஃப்ரெட்போர்டின் மேல் நட்டை ஒட்டி வையுங்கள். பள்ளத்தை அறுக்க அறுக்க அரம் தகட்டில் போய் முட்டும்போது நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து மீதியைத் தகடு இல்லாமல், இரண்டு இழுப்பு, தந்தியைப் போட்டுச் சுருதி கூட்டு, பார், மறுபடி இரண்டு இழுப்பு என்று போகலாம். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கனத்த தந்திக்கு அரை மி.மீ., மெல்லியதற்கு 0.35 அளவில் நான் நிறுத்திவிடுவேன். சுருதி கூட்டாமல் தளர்ந்த தந்தியை வைத்து அளக்காதீர்கள், ஏமாற்றிவிடும்.

அரம் அந்தந்தத் தந்தியைவிட ஒரு மயிரிழை அகலமாக இருக்கட்டும். தந்தி பள்ளத்தில் இறுகினால் வளைத்து வாசித்த பிறகு சுருதி திரும்பி வராது. தவறிப்போய் ஏதாவது ஒரு பள்ளம் ஆழமாகிவிட்டால் பதற வேண்டாம். சமையல் சோடாத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் கல் போல இறுகும், மறுபடி வெட்டிக்கொள்ளலாம். எலும்புத் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆறுதந்தி:
இரண்டு மாலை எடுத்துக்கொண்டு நிதானமாக இறக்கினேன். ஐந்து தந்திகள் முதல் ஃப்ரெட்டில் இப்போது 3 சென்ட்டுக்குள் வந்துவிட்டன. கை நோகாமல் எஃப் கார்டு பிடிக்க முடிகிறது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் இரண்டாம் தந்தி மட்டும் அடங்கவில்லை. உயரம் மற்றவை போலவேதான், 0.35. ஆனாலும் முதல் ஃப்ரெட்டில் 9 சென்ட் ஏற்றம். திறந்து மீட்டினால் ஒரு மெல்லிய இரைச்சல், ஃப்ரெட்டை அழுத்தினால் அது நின்றுவிடுகிறது. தந்தியை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

இரவுப்பயிற்சி:
அந்தத் தந்தியின் சாடில் எங்கே இருக்கிறது? மற்றவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஆறுதந்தி:
நல்ல கேள்வி. மூன்றாம் தந்தியின் சாடிலைவிடக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட் சரியாக வரவேண்டும் என்றால் அங்கேதான் நிற்கிறது.

மரத்தூள்:
அப்படியானால் விஷயம் பிடிபட்டுவிட்டது. சுற்றுக் கம்பி இல்லாத மூன்றாம் தந்திக்குத்தான் சாடில் பின்னால் போக வேண்டும், இரண்டாவது அதற்கு முன்னால் நிற்பதுதான் வழக்கம். உங்கள் இரண்டாம் தந்தி இருக்க வேண்டியதைவிட நீளமாக இருக்கிறது, அந்த நீளம் நட் பக்கம் ஒளிந்திருக்கிறது.

நட்டின் பள்ளம் ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி) பக்கம் சரிந்து இறங்க வேண்டும், அப்போதுதான் தந்தி ஃப்ரெட்போர்டு பக்கத்து விளிம்பில் உட்காரும். நீங்கள் அரத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். முன் விளிம்பு தாழ்ந்து, தந்தி பின் விளிம்பில் தொங்குகிறது. நட்டின் தடிமன் 3 மி.மீ. இருக்குமா? திறந்த தந்தி அவ்வளவு நீண்டுவிட்டது. முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 3 மி.மீ. என்றால் 8 சென்ட். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைச் சரிசெய்ய நீங்கள் சாடிலைப் பின்னுக்குத் தள்ளியதால் அங்கே தவறு மறைந்துபோனது, முதல் ஃப்ரெட்டில் மாட்டிக்கொண்டது. திறந்த தந்தியில் வரும் இரைச்சலும் இதனால்தான், தந்தி பள்ளத்துக்குள்ளேயே உரசி ஆடுகிறது.

அரத்தின் பின் முனையை ஹெட்ஸ்டாக் பக்கம் தாழ்த்திப் பிடித்து, பின் பகுதியை மட்டும் எடுங்கள். முன் விளிம்பைத் தொடாதீர்கள். ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் தந்தி எங்கே தொடுகிறது என்று தெரியும்.

ஆறுதந்தி:
அதேதான் அண்ணா. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன், முன் விளிம்புக்கும் தந்திக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பின் பகுதியை எடுத்த பிறகு இரைச்சல் போய்விட்டது. சாடிலை ஏறக்குறைய 3 மி.மீ. முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. முதல் ஃப்ரெட்டில் இப்போது 2 சென்ட்.

கடைசியாக ஒன்று. ட்யூனர் எல்லாம் சரி என்கிறது, ஆனாலும் இ கார்டில் மூன்றாம் தந்தி முதல் ஃப்ரெட் இன்னும் துளி ஏறியே கேட்கிறது. இன்னும் இறக்கட்டுமா?

மரத்தூள்:
வேண்டாம், அரத்தைக் கீழே வையுங்கள். அது உங்கள் நட் இல்லை. கார்டின் அந்த மூன்றாம் சுரம் இயற்கையான சுருதியில் 386 சென்ட்டில் நிற்கும், கிட்டாரின் சம இடைவெளி முறையில் 400. அந்த 14 சென்ட்டைத்தான் உங்கள் காது கேட்கிறது. எவ்வளவு நன்றாகச் செய்த கிட்டாரிலும் அது இருக்கும். இ கார்டுக்காக மூன்றாம் தந்தியை அவ்வளவும் இறக்கினால் சி கார்டில் திறந்த மூன்றாம் தந்தி சோர்ந்துபோகும். சிலர் அதை 2, 3 சென்ட் மட்டும் இறக்கி வைப்பார்கள், நானும் அப்படித்தான். இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி மீட்டி, உங்கள் காது எங்கே சமாதானமாகிறது என்று பாருங்கள்.

ஆறுதந்தி:
2 சென்ட் இறக்கினேன், இரண்டு கார்டும் ஒத்துப்போகின்றன. நாளை நெக்கின் பின்புறத்துக்கு எண்ணெய் பூசத் தொடங்குகிறேன். அந்த ரோஸ்வுட் பலகையில் அடுத்ததாக 628 மி.மீ. ஸ்கேலில் ஒரு நெக் செய்யலாம் என்று நேற்று இரவே கோடு போட்டுவிட்டேன். 17.817-ஆல் வகுத்த பட்டியலும் தயார். முதல் ஃப்ரெட் 35.2.

இரவுப்பயிற்சி:
அறுக்கும்போது படம் போடுங்கள். எனக்கும் ஒன்று செய்ய ஆசை வந்துவிட்டது.