மேலமாசி வீதி சொந்தங்கள்: ஒரு ஞாயிறு காலை வாட்ஸ்அப் குழு உரையாடல்

ராஜேந்திரன்: எல்லோருக்கும் காலை வணக்கம். நேகா என்று நம் சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா? நேற்று முகநூலில் நட்பு கேட்டாள். இன்று வாட்ஸ்அப்பில் ‘ஹாய் டியர்’ என்கிறாள். இரண்டு தடவை வீடியோ கால் வேறு வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

அருண்: பெரியப்பா எடுக்காதீர்கள்!!

சேகர்: மச்சான், நம் குடும்பத்தில் ஏது நேகா? தேடினாலும் மீனாட்சியும் சொக்கம்மாளும்தான் கிடைப்பார்கள்.

பிரபு: மாமா, சிரிப்பெல்லாம் அப்புறம். அப்பா, அந்த நம்பரை உடனே பிளாக் செய்யுங்கள். எடுத்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு பெண் உடை களைகிற வீடியோ ஓடியிருக்கும். அது முன்கூட்டியே பதிவு செய்து வைத்தது. பார்க்கிற உங்கள் முகத்தோடு சேர்த்து ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்துவிட்டு, ‘உங்கள் முகநூல் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பட்டுமா’ என்று பணம் கேட்பார்கள்.

ராஜேந்திரன்: நான் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தால்?

பிரபு: அவர்களுக்கு முகம் போதும் அப்பா. மீதியை வேறு யாருடைய உடலோடும் ஒட்டிக்கொள்வார்கள்.

சேகர்: அடப்பாவிகளா. யார் இவர்கள்?

பிரபு: ராஜஸ்தானில் பரத்பூர், ஆல்வார், ஹரியானாவில் நூஹ். இந்த மேவாத் பக்கத்தில் இதற்காகப் போலீஸ் பலமுறை கூட்டம் கூட்டமாகப் பிடித்திருக்கிறது. அங்கே மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். முதல் தவணை கட்டியதும் அடுத்த ஆள் வருவான். காக்கிச் சட்டைப் படம் வைத்துக்கொண்டு, ‘டெல்லி கிரைம் பிராஞ்ச், உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது’ என்பான். மூன்றாவதாக ஒருவன், யூடியூபில் ஏறிய வீடியோவை எடுத்துத் தருகிறேன் என்று கட்டணம் கேட்பான். எல்லோரும் ஒரே கும்பல். எங்கள் வங்கிக் கிளைக்கு வந்த ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாக வைப்பு நிதியை உடைக்கக் கேட்டபோதுதான் எங்களுக்கே சந்தேகம் வந்தது. வீட்டில் சொல்லியிருந்தால் முதல் தவணையோடு நின்றிருக்கும்.

கலா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) பெண் பிள்ளைகளே உஷார்! முன்பின் தெரியாதவர்களுக்கு அந்தரங்கப் படம் அனுப்பிக் குடும்ப மானத்தைக் கெடுக்காதீர்கள்!

தேன்மொழி: அத்தை, வீடியோ கால் வந்தது பெரியப்பாவுக்கு. உஷார் மட்டும் பெண் பிள்ளைகளுக்கா?

கலா: பொதுவாகச் சொன்னேன்மா. ஒரு அக்கறைதான்.

திவ்யா: அம்மா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். எங்கள் வகுப்பில் பையன்களுக்குத்தான் இது நிறைய வருகிறது. இன்ஸ்டாவில் ஒரு பெண் ஐடி வரும். முதலில் நம் நண்பர்கள் நாலு பேரை ஃபாலோ செய்துவிட்டுத்தான் வரும், அதனால் தெரிந்த பெண் மாதிரியே இருக்கும். அவளே முதலில் ஒரு படம் அனுப்புவாள். அப்புறம் ‘இப்போது உன் முறை’. அனுப்பிய அடுத்த நிமிடம் அந்தப் பையனின் ஃபாலோயர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள்.

கலா: உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்??

திவ்யா: பார்த்தீர்களா. இதற்குத்தான் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அருண்: 2022இல் அமெரிக்காவில் மிச்சிகனில் இப்படித்தான் நடந்தது. 17 வயதுப் பையன். இன்ஸ்டாவில் பெண் என்று நினைத்துப் பேசி ஒரு படம் அனுப்பினான். ஆயிரம் டாலர் கேட்டார்கள். கையில் இருந்த 300ஐக் கொடுத்தான், மேலும் கேட்டார்கள். பேச்சு தொடங்கிய சில மணி நேரத்தில் உயிரை விட்டுவிட்டான். அந்தப் பக்கம் இருந்தது நைஜீரியாவில் உள்ள அண்ணன் தம்பி இரண்டு பேர். நாடு கடத்திக் கொண்டுவந்து 2024இல் ஆளுக்குப் பதினேழரை வருடம் கொடுத்தார்கள்.

கலா: ஐயோ. அவனைப் பெற்றவள் என்ன செய்வாள்.

தேன்மொழி: அத்தை, அந்த இரவில் அவன் வீட்டில் யாரையாவது எழுப்பியிருந்தால் என்றுதான் எனக்குத் தோன்றும். மிரட்டுகிறவனின் முதலீடே நம் பயம்தான். ‘மானம்’ என்று நாம் ஃபார்வர்ட் செய்யும்போது அவனுடைய வேலையை நாமே பாதி செய்து கொடுக்கிறோம்.

கலா: சரி, அழித்துவிடுகிறேன்.

சேகர்: தேனு, ஒரு சந்தேகம். படத்தைப் பாதிக்கப்பட்டவர்களே அனுப்பியிருந்தால் வழக்கு நிற்குமா? ‘நீதானே அனுப்பினாய்’ என்று கேட்க மாட்டார்களா?

தேன்மொழி: கேட்கத்தான் செய்வார்கள் மாமா. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவன் குற்றவாளி.

அருண்: பையன்களுக்கு?

தேன்மொழி: 77ஆம் பிரிவு பெண்களுக்கு மட்டும்தான். அது எனக்கும் குறையாகவே படுகிறது. ஆனால் படத்தைக் காட்டிப் பணம் பறிப்பது யாரிடம் செய்தாலும் அதே சட்டத்தின் 308ஆம் பிரிவு. பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66இ, 67, 67ஏ பிரிவுகள் இருக்கின்றன. 18 வயதுக்குள் என்றால் ஆணோ பெண்ணோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்ததால்தானே எல்லாம் வெளியே வந்தது? வீடியோவை வைத்துத்தான் மற்றவர்களை வாய் திறக்க விடாமல் வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவரின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்ன கொடுமையும் நடந்தது. இருந்தும் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை.

பிரபு: யாருக்காவது வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கேயே போட்டுவிடுங்கள் அக்கா. பணம் போயிருந்தால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். சீக்கிரம் சொன்னால்தான் கணக்கை முடக்க முடியும். மறுநாள் வந்தால் அது நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

தேன்மொழி: சொல்கிறேன். பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கிறார்களே, அங்கேதான் வழக்கு நடத்தும் எங்கள் கை கட்டப்படுகிறது. மிரட்டல் செய்தி, நம்பர், ஐடி, யூபிஐ விவரம் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆதாரம் என்று சொல்லி அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பிவிடாதீர்கள், அதுவும் பரப்புவதுதான்.

அருண்: அந்தரங்கப் படம் சம்மதமின்றிப் பரவுவதைத் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு தளமும் இருக்கிறது. நம் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து, அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டா போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும். படம் ஃபோனை விட்டு வெளியே போகாது. யாராவது அதை ஏற்றினால் அங்கே அடையாளம் கண்டு தடுக்கலாம். 18க்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று தனியாக இருக்கிறது. சேர்ந்திருக்கும் தளங்களில் மட்டும்தான் வேலை செய்யும்.

சேகர்: ஒரு தடவை பார்த்தால் மறைகிற மாதிரி வாட்ஸ்அப்பில் ஏதோ இருக்கிறதே, அதில் அனுப்பினாலுமா ஆபத்து?

திவ்யா: மாற்று ஃபோனில் திரையைப் படம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் அப்பா?

கலா: திவ்யா, உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன். ஏதாவது என்றால் என்னிடம் வந்து சொல். ஃபோனைப் பிடுங்க மாட்டேன்.

திவ்யா: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன் அம்மா.

ராஜேந்திரன்: நேகாவைப் பிளாக் செய்துவிட்டேன். இனி தெரியாத ஆள் கூப்பிட்டால் மணியே அடிக்காமல் செய்ய முடியுமா?

அருண்: முடியும் பெரியப்பா. செட்டிங்ஸில் பிரைவசி, அதில் கால்ஸ். தெரியாத அழைப்புகளைச் சத்தமின்றி வைக்க ஒரு பொத்தான் இருக்கும்.

ராஜேந்திரன்: அப்புறம் கேஸ்காரன் கூப்பிட்டால்? சிலிண்டர் திரும்பிப் போய்விட்டால் உன் பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.

அருண்: அது வாட்ஸ்அப் அழைப்புக்கு மட்டும்தான். கேஸ்காரர் சாதாரணமாகத்தானே கூப்பிடுவார்?

ராஜேந்திரன்: அப்படியென்றால் சரி. பிரபு, மாடிக்கு வா, அந்தப் பொத்தான் எங்கே என்று காட்டு.