ரேஞ்ச், ஸ்லைஸ்: தமிழில் என்ன போடலாம்?

கடலூரிலிருந்து:
வணக்கம். முதலாமாண்டு மாணவர்களுக்கான பைத்தான் நிரல்மொழிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொடர் எண்களைத் தரும் ரேஞ்சுக்கு ‘வீச்சு’ என்று போட்டிருந்தேன். பள்ளிப் புள்ளியியலில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதும் வீச்சுதான். ரேஞ்ச்(1, 5) என்ன என்று கேட்டால் பிள்ளைகள் ‘1, 2, 3, 4’ என்னாமல் 4 என்கிறார்கள். பட்டியலில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் ஸ்லைஸுக்கும் ஒரு சொல் தேவை.

புதுச்சேரியிலிருந்து:
அதில் நான்கு உறுப்புகள்தானே ஐயா, பிள்ளைகளைத் திட்டாதீர்கள். என் சொல் ‘ஆயிடை’. ‘வடவேங்கடம் தென்குமரி ஆயிடை’ என்று பனம்பாரனார் தொல்காப்பியப் பாயிரத்திலேயே தந்துவிட்டார். அ + இடை, அதாவது ‘அவற்றுக்கு இடையே’. செய்யுளில் சுட்டு நீண்டு யகரம் தோன்றும், நன்னூலில் விதி இருக்கிறது.

நெய்வேலியிலிருந்து:
செய்யுளில் நீண்டது உரைநடையில் எதற்கு அம்மா? பையன்கள் அதை ‘ஆய்’ என்று பிரித்தால் அன்றைக்கு வகுப்பு நடந்த மாதிரிதான். சிக்கல் முடிவெண்ணில் இருக்கிறது. ‘ஒன்று முதல் ஐந்து வரை’ என்றால் நமக்கு ஐந்தும் சேர்த்தி. பைத்தான் ஐந்தை விட்டுவிடும். விட்டால் இரு எல்லைகளின் வித்தியாசமே நீளம், அடுத்தடுத்த பகுதிகளும் இடிக்காமல் ஒட்டும் என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதினார். ரூபி நிரல்மொழியில் 1..5 ஐந்தைச் சேர்க்கும், 1...5 விடும். ரஸ்ட் மொழியில் 1..5 விடும், சேர்க்க 1..=5. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து:
அதற்கும் தொல்காப்பியம்தான் தம்பி. ‘அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப’. உயிர் 12, மெய் 18, னகரம் உள்ளே வந்தால்தான் 30. ஆக, சேர்த்தால் ‘இறுவாய்’, விட்டால் ‘வரை’. வரை என்பது கோடு, மலைக்கும் அதே பெயர், மலையே நாட்டுக்கு எல்லையாக...

கடலூரிலிருந்து:
அம்மா, வெள்ளிக்கிழமை!

பண்ருட்டியிலிருந்து:
ஸ்லைஸுக்குத் ‘துண்டு’ போதாதா? முதுநகரில் வஞ்சிரம் வாங்கித் துண்டு போடச் சொன்னால் புரியாதவர் உண்டா?

நெய்வேலியிலிருந்து:
பைத்தான் பட்டியலுக்குச் சரி, அங்கே நகல் வருகிறது. பைத்தானின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில், கோ நிரல்மொழியில் ஸ்லைஸின் ஓர் உறுப்பை மாற்றினால் மூலமும் மாறும். வெட்டிய மீன் அப்படிச் செய்யுமா? ‘கீற்று’ என்று வைக்கலாம்.

பண்ருட்டியிலிருந்து:
கீற்று என்றால் எங்களுக்குக் கூரை.

கடலூரிலிருந்து:
சரி, தனிமடலில் வந்தவர்களும் சேர்த்துப் பெரும்பாலோர் கேட்பது ‘எண்வரிசை’, ‘துண்டு’. ‘வரை’யைத் தூக்கிவிட்டு ‘5க்கு முந்தைய எண்ணோடு நிற்கும்’ என்று எழுதிவிடுகிறேன். அச்சகத்துக்கு அனுப்பலாமா?

புதுச்சேரியிலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் ரூபியில் எழுத்துகளுக்கும் ரேஞ்ச் உண்டு. அதற்கு என்ன பெயர், ‘எழுத்து எண்வரிசை’யா? எனக்கு இதில் உடன்பாடில்லை.