டெல்லி கணேஷ்: நேர்ல பார்த்தவங்க, பார்த்தும் பேசாம வந்தவங்க எழுதுங்க

கோடம்பாக்கம் பாலம்:

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். என் கதை ரொம்பச் சின்னது, கொஞ்சம் அசட்டுத்தனமானதும்கூட.

சில வருஷத்துக்கு முன்னாடி மேற்கு மாம்பலத்துல ஒரு கல்யாணம். சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனேன். பக்கத்துக் குழாய்ல ஒருத்தர். நல்லாத் தெரிஞ்ச முகம். பெரியப்பா வழியில யாரோன்னு முடிவு பண்ணி, "சௌக்கியமா மாமா?"ன்னு கேட்டுட்டேன். அவரும் சிரிச்சுத் தலையாட்டிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார். பீடா வரிசையில நிக்கும்போது என் மனைவி வந்து, "டெல்லி கணேஷ் வந்திருக்காரே, பார்த்தீங்களா?"ங்கறா. திரும்பி ஓடினேன். கார் கிளம்பிடுச்சு.

எங்க அம்மா அவரைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "அவ்வை சண்முகியில ஜெமினி வீட்டுல கணக்கு வழக்கு பார்த்துக்கிட்டுத் திருட்டு முழி முழிப்பாரே, அவர்"னுதான் சொல்லுவாங்க. நானூறு படத்துக்கு மேல நடிச்ச மனுஷனுக்கு எங்க வீட்டுல பேரே கிடையாது. உங்க வீட்டுல எப்படி?

ரிட்டயர்டு ஏர்மேன்:

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் உண்டு. கணேசன்.

அவர் விமானப்படையில் இருந்தது 1964 முதல் 1974 வரை. எனக்கு 1971-ல் டெல்லிக்குப் போஸ்டிங். அவரோடு ஒரே யூனிட்டில் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஆளாளுக்குக் கூட இருந்தேன் என்கிறார்கள்.

அந்தக் காலத்து டெல்லித் தமிழர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரோல் பாக், ஆர்.கே.புரம் பக்கமெல்லாம் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், எங்களைப் போன்ற யூனிஃபார்ம் ஆட்கள். டிவி என்று ஒன்று இருந்தது, ஆனால் அதில் தமிழ் ஏது? ஊர் ஞாபகம் வந்தால் கோயில், இல்லாவிட்டால் நாடகம். ஆபீஸ் முடிந்து ஸ்வெட்டரோடு ஒத்திகைக்கு ஓடுவார்கள். தட்சிண பாரத நாடக சபா அப்படி ஓடிய குழு. ஒரு குளிர்காலச் சாயங்காலம் அவர்கள் நாடகத்துக்குப் போனேன், நாலாவது வரிசை. கணேசன் என்று ஒருத்தர் நடித்தார். வசனம் பேசும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. மற்றவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டு நின்றாரே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் தன் முறை வராதபோது முக்கால்வாசிப் பேர் அடுத்த வசனத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் நிஜமாகவே கேட்டார்.

முழு பென்ஷனுக்கு அப்போது பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும். பத்து வருஷத்தில் வெளியே வந்துவிட்டார். சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நாடகம். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகம் 1977-ல் படமானபோது இயக்குநர் பாலசந்தர்தான் கணேசனை டெல்லி கணேஷ் ஆக்கினார். படம் பார்த்துவிட்டு வந்து, "இது நம்ம ஆள்டா" என்று பாரக்ஸில் அத்தனை பேரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

கரண்டி பிடிச்ச கை:

நான் கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். அப்பா காலத்திலிருந்து இதே தொழில். சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம், இப்ப இருக்கிறது கோயம்புத்தூர். அவரை நேர்ல பார்த்ததில்லை. ஆனா தொழில்ல தினம் பார்க்கிறேன்.

'மைக்கேல் மதன காமராஜன்' 1990. அதுல அவர் சமையல்காரர் பாலக்காடு மணி ஐயர், நாலு கமல்ல ஒருத்தரான காமேஸ்வரனை வளர்த்த அப்பா. எல்லாரும் அந்தப் பாஷையை மெச்சுவாங்க. அவர் பிறந்தது திருநெல்வேலிச் சீமை. அந்த இழுப்பு எங்க பக்கத்து ஆளுக்கே உறுத்தலைன்னா பார்த்துக்குங்க. எனக்குப் பாஷையைவிட, கல்யாணச் சாம்பார்ல மீன் விழுந்துடற அந்த அமளிதான். கிரேஸி மோகன் வசனத்துக்குத் தியேட்டரே சிரிச்சுது. எங்க அப்பா மட்டும் சிரிக்கலை. அண்டாவுல ஒரு பல்லி விழுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவருக்கு அது சிரிப்பு இல்லையே! பந்தி போச்சு, பேர் போச்சு, அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை. படம் முடிஞ்சு வெளியே வந்து அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணு: "அந்த ஆளு பயந்தான்டா, நிஜமாவே பயந்தான்."

கமல் நாலு வேஷத்துல நிக்கிற படம். அதுல போட்டி போடாம, காணாமலும் போகாம நிக்கிறது லேசுப்பட்ட வேலையா? பெரிய மாஸ்டர் பக்கத்துல ரெண்டாவது கையா நிக்கிறவனுக்குத்தான் அது புரியும்.

வியாசர்பாடி பையன்:

இன்னாபா இது, ஐயர் வேஷமாவே பேசினு இருக்கீங்க? மணி ஐயர், 'நாயகன்'ல ஐயர், 'அவ்வை சண்முகி'ல சேதுராம ஐயர். சரி. 'பசி' பாத்தவங்க யாரும் இங்க இல்லியா?

1979, துரை டைரக்‌ஷன். அதுல அவரு ரிக்‌ஷாக்காரர், ஷோபாவுக்கு அப்பா. ஷோபாவுக்கு நேஷனல் அவார்டு வந்துச்சு, எல்லாரும் அதச் சொல்வாங்க. அவருக்கும் தமிழ்நாடு அரசு சிறப்புப் பரிசு வந்துச்சு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க தாத்தா சென்ட்ரல் வாசல்ல சைக்கிள் ரிக்‌ஷா மிதிச்சவரு. வீட்ல டிவில போட்டப்ப ஆயா வந்து குந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு எய்ந்து போய்டுச்சு. புடிக்கலியான்னு கேட்டேன். "புடிக்காம இன்னா, அந்தாளு குந்துறதே உங்க தாத்தா மாரி கீது"ன்னு சொல்லிட்டு அடுப்பாண்ட போய்டுச்சு.

ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவரு, டெல்லில நாடகம் போட்டவரு. இந்தப் பேச்ச எங்க புடிச்சாரோ. அப்படிப்பட்டவர அப்பால சினிமா எத்தினி வாட்டி பூணூல் மாட்டியே நிக்க வெச்சுது பாருங்க. எனக்கு அதுல வருத்தம்தான்.

கரண்டி பிடிச்ச கை:

தம்பி சொல்றது நியாயம். 'பசி' நான் பார்க்கலை. பார்க்கிறேன்.

மிருதங்கம் பாதியில விட்டவள்:

நேரில் சந்திப்பு எதுவும் இல்லை. 'சிந்து பைரவி'யில் குடித்துவிட்டு மேடைக்கு வரும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. பாடகர் ஜே.கே.பி.யாக வரும் சிவகுமார் அவரை எழுப்பி அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்வார். எல்லாரும் சிவகுமாரின் கம்பீரத்தைப் பார்த்த காட்சியில் நான் எழுந்து போகிறவரையே பார்த்தேன். சபை நடுவில் எழுந்து போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் நானும் எழுந்து போனவள்தான். அதை இங்கே எழுத வேண்டாம்.

சீரியல் மருமகள்:

எங்க மாமியாருக்குச் சன் டிவி 'கஸ்தூரி' நேரத்துல வீட்டுல குக்கர் விசில்கூட வரக் கூடாது. அவர் வந்தா மட்டும், "இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு வாய்விட்டுச் சொல்லுவாங்க. எனக்கு ஒரே வேடிக்கை. 'அபூர்வ சகோதரர்கள்'ல நாகேஷ், ஜெய்சங்கர், நாசரோட நாலாவது வில்லன் இதே ஆள்தான்னு சொன்னேன். நம்பலை. யூடியூப்ல போட்டுக் காட்டினேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

கோடம்பாக்கம் பாலம்:

ஒரு உபரித் தகவல். '47 நாட்கள்'ல சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தது டெல்லி கணேஷ்தான். பேர் மட்டும் இல்லை, சில சமயம் முகமும் வேண்டாம்னு இருந்திருக்கார்.

ரிட்டயர்டு ஏர்மேன்:

2024 நவம்பர் 9 இரவு ராமாபுரம் வீட்டில் காலமானார். வயது 80. முழங்கால் வலியால் என்னால் நேரில் போக முடியவில்லை, டிவியில்தான் பார்த்தேன்.

கலையுலகத்தார் வந்தார்கள், மாலை போட்டார்கள். பிறகு விமானப்படையிலிருந்து சில பேர் யூனிஃபார்மில் வந்து எங்கள் படைக் கொடியைப் போர்த்தினார்கள். ஆகாய நீலம், ஓரத்தில் மூவர்ணக் கொடி, பக்கத்தில் வட்டம். பேரன், "தாத்தா, நடிகருக்கு எதுக்கு இந்தக் கொடி?" என்றான். எழுந்து நிற்க முயன்றேன், முடியவில்லை. உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தேன்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று மறுபடி கேட்டான்.

நாலாவது வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன் என்றேன்.

கோடம்பாக்கம் பாலம்:

சார், அந்த நாடகத்தோட பேர் ஞாபகம் வந்தா எழுதுங்க.

ரிட்டயர்டு ஏர்மேன்:

நானும் மூன்று நாளாக யோசிக்கிறேன். முகம்தான் வருகிறது.